நிமிர மறுத்த ஏர் ஃபோர்க்: அறை மாறிய காற்றைத் தேடிய ஓர் ஆய்வு

வண்டி 29 அங்குலச் சக்கரம் கொண்ட ஹார்ட்டெயில், அதாவது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள். முன்னால் 32 மிமீ ஸ்டான்ஷன் (மேல் குழாய்), 120 மிமீ டிராவல் (அமுங்கும் தூரம்), இடது காலின் மேல்மூடியில் ஒற்றை வால்வு உள்ள ஏர் ஃபோர்க். ஓட்டுபவரின் எடை தண்ணீர்ப் பையோடு சேர்த்து 78 கிலோ. வாங்கி இரண்டு மழைக்காலம் போயிருக்கிறது, லோயரை (ஸ்டான்ஷன் சறுக்கி இறங்கும் கீழ்ப்பாகம்) ஒருமுறைகூடக் கழற்றவில்லை. புகார் ஒரே வரிதான்: "காத்து அப்படியே நிக்குது, ஆனா ஃபோர்க் நிமிர மாட்டேங்குது."

அளந்து பார்த்ததில், டஸ்ட் வைப்பரின் (லோயரின் வாயில் உள்ள தூசி தடுக்கும் சீல்) மேல்விளிம்பிலிருந்து கிரவுனின் (இரு ஸ்டான்ஷனையும் மேலே இணைக்கும் பாகம்) அடிவரை தெரிந்த ஸ்டான்ஷன் 96 மிமீ. அந்த மாடலுக்குப் புதிதில் இருக்க வேண்டியது 127 மிமீ. ஆக 31 மிமீ காணோம். ஷாக் பம்ப் காட்டிய அழுத்தம் 90 பிஎஸ்ஐ, அந்த எடைக்குக் காலில் ஒட்டியிருந்த அட்டவணை சொல்வதும் ஏறத்தாழ அதுதான். ஓட்டுபவர் தாமாகவே 110 வரை ஏற்றிப் பார்த்திருக்கிறார். கொஞ்சம் எழும்பியது, கல்லில் ஏறினால் கை வலித்தது, அடுத்த ஓட்டத்திலேயே மறுபடி இறங்கிவிட்டது.

முன்பக்கம் 31 மிமீ தாழ்ந்தால் ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கின் சாய்வுக் கோணம்) ஏறக்குறைய ஒன்றரை டிகிரி செங்குத்தாகும். இறக்கத்தில் ஆள் ஹேண்டில்பார் மேல் சாய்வார், பெடல் கல்லில் இடிக்கும். ஓட்டுபவருக்கு அது "வண்டி ஒரு மாதிரி பதற்றமாக இருக்கு" என்றே தெரியும், ஃபோர்க்கின் நினைப்பே வராது. இந்தப் பழுது மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சாக் (ஆள் ஏறியதும் ஃபோர்க் தாழும் அளவு) பார்க்க ஸ்டான்ஷனில் போட்டிருக்கும் ரப்பர் வளையம். ஏறி உட்கார்ந்து இறங்கியபோது வளையம் 18 மிமீ காட்டியது. 120-க்கு 18 என்றால் 15 சதவீதம், சரியான கணக்கு. ஆனால் அந்த 18 எண்ணப்பட்டது ஏற்கெனவே 31 மிமீ தாழ்ந்து நின்ற இடத்திலிருந்து. உண்மையில் ஆள் ஏறியதும் 49 மிமீ போய்விடுகிறது, மிச்சம் 71 மிமீதான். சாக் அளப்பதற்கு முன் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, முழு நீளம் வருகிறதா என்று பார்க்காவிட்டால் அந்த வளையம் சொல்லும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

உள்ளே இரண்டு அறைகள்

இந்த வகை ஸ்பிரிங்கில் பிஸ்டனுக்கு மேலே பாசிட்டிவ் அறை, கீழே நெகட்டிவ் அறை. மேலே உள்ள காற்று ஃபோர்க்கை நீட்டும், கீழே உள்ள காற்று அதைச் சுருக்கப் பார்க்கும். சிறு கல்லுக்கும் ஃபோர்க் மசிந்து கொடுப்பதற்காகவே நெகட்டிவ் அறை இருக்கிறது. பழைய டூயல் ஏர் ஃபோர்க்கில் இரண்டுக்கும் தனித்தனி வால்வு இருந்தது. ராக்‌ஷாக்ஸின் சோலோ ஏர், அதன் வழிவந்த டெபான்ஏர் போன்ற ஏர் ஸ்பிரிங்குகளில் ஒரே வால்வுதான். ஸ்டான்ஷனின் உட்சுவரில் ஒரு சிறு குழி இருக்கும். ஃபோர்க் முழு நீளத்தை நெருங்கும்போது பிஸ்டனின் சீல் அந்தக் குழியைக் கடக்கும். அந்த நொடியில் மட்டும் இரு அறைகளுக்கும் வழி திறந்து அழுத்தம் சமமாகிறது. மற்ற எல்லா நிலையிலும் சீல் வழியை மூடியிருக்க வேண்டும்.

எண்ணில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 32 மிமீ ஸ்டான்ஷனின் உள்விட்டத்தை 28-29 மிமீ என்று கொண்டால், பிஸ்டனின் மேல்பரப்பு சுமார் 650 சதுர மிமீ. அது ஏறக்குறைய ஒரு சதுர அங்குலம் என்பதால் பிஎஸ்ஐக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான விசை கிடைக்கும்: 90 பிஎஸ்ஐயில் 41 கிலோ. கீழ்ப்பக்கத்தில் பிஸ்டனைத் தாங்கும் 10 மிமீ ஷாஃப்ட் (தண்டு) அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் பரப்பு 570 சதுர மிமீ. இரு அறையிலும் 90 இருந்தால் நீட்டும் பக்கம் மிஞ்சுவது வெறும் 5 கிலோ. இவ்வளவு சன்னமான மிகுதியில்தான் ஃபோர்க் முழு நீளத்தில் நிற்கிறது. நெகட்டிவ் அறையின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு கூடிவிட்டாலே அந்த மிகுதி காணாமல் போகும்.

அப்படிக் கூடுவது எப்படி? ஃபோர்க் அமுங்கியிருக்கும்போது மேலே அழுத்தம் ஏறும், கீழே இறங்கும். பிஸ்டன் சீல் தேய்ந்திருந்தால் அந்தச் சமயத்தில் மேலிருந்து கீழே காற்று கசியும். பிறகு ஃபோர்க் நீளும்போது நெகட்டிவ் அறை சுருங்கி, அதிகமாக வந்து சேர்ந்த காற்று இறுக்கமாகி, குழியை எட்டுவதற்கு முன்பே பிஸ்டனை நிறுத்திவிடும். குழியை எட்டாததால் சமன் ஆக வழியில்லை. அடுத்த மேடு பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் கசியும். காற்று வெளியே போகவே இல்லை, அறை மட்டும் மாறியிருக்கிறது. ஆகவேதான் கேஜில் குறை தெரியாது. மேலும் காற்று ஏற்றினால், கசிவதற்குக் கூடுதல் சரக்கு கொடுத்ததாகத்தான் முடியும்.

வேறு காரணங்களை விலக்கியது

ஃபோர்க் தாழ்ந்து நிற்க வேறு காரணங்களும் உண்டு, அவற்றைக் கழற்றாமலே சோதிக்கலாம். முதலில் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அளந்தோம். டெபான்ஏரின் பழைய வடிவத்தில், வண்டி தன் எடையிலேயே சில மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்பது இயல்பு. 2021 மாடல்களுக்கு வந்த ஸ்பிரிங்கில் அதைக் குறைத்தார்கள். அது பழுது ஆகாது, சக்கரத்தைத் தூக்கினால் நீண்டுவிடும். இங்கே தூக்கியும் 96-லிருந்து 98-க்குத்தான் வந்தது.

அடுத்து லோயருக்குள் சிக்கிய காற்று. முனை மழுங்கிய மெல்லிய ஜிப் டை ஒன்றை எண்ணெய் தடவி, டஸ்ட் வைப்பருக்கும் ஸ்டான்ஷனுக்கும் நடுவே மெதுவாக நுழைத்தால் உள்ளும் புறமும் ஒன்றாகிவிடும். காற்று வெளியே சீறினால் லோயரில் அழுத்தம் கூடியிருக்கிறது: மலை ஏறி வந்த வண்டியாக இருக்கலாம், அல்லது ஷாஃப்ட் சீல் கசிகிறது. இந்த நிலையில் ஃபோர்க் தாழாது, கடைசி டிராவல் கல்லாக இறுகும். காற்று உள்ளே உறிஞ்சப்பட்டால் லோயரில் வெற்றிடம், அதுதான் ஃபோர்க்கைக் கீழே இழுக்கும். ஊட்டியில் வைத்து லோயர் காற்றைத் திறந்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு இறக்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ கூடுகிறது, அதுவே சில மில்லிமீட்டர் தாழ்வைக் காட்டப் போதும். இந்த ஃபோர்க்கில் இரண்டு காலிலும் எந்தச் சத்தமும் இல்லை. ஸ்டான்ஷனில் கீறல் விழும் என்பதால் ஸ்குரூடிரைவர், ஊசி போன்ற உலோகம் எதையும் வைப்பருக்குள் விடக்கூடாது.

ரீபவுண்டை (ஃபோர்க் திரும்ப நீளும் வேகத்துக்கான கட்டுப்பாடு) முழு வேகத்துக்குத் திறந்தும் உயரம் மாறவில்லை. மிக மெதுவாக வைத்த ரீபவுண்ட் அடுத்தடுத்த மேடுகளில் ஃபோர்க்கைத் தாழ்த்தும், ஆனால் நின்றபின் ஓரிரு நொடியில் நிமிர்ந்துவிடும். ஆக்ஸிலைத் தளர்த்திப் பார்த்தோம், கால்கள் இழுபட்டு புஷிங் (லோயருக்குள் ஸ்டான்ஷன் சறுக்கும் வளையம்) இறுகுவதாகவும் இல்லை. வால்வு, மேல்மூடி, அடி போல்ட் மூன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவியதில் குமிழி வரவில்லை.

ஷாக் பம்ப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதை மாட்டும்போதெல்லாம் குழாயை நிரப்பக் கொஞ்சம் காற்று ஃபோர்க்கிலிருந்து போகும், கேஜ் ஊசி 5 பிஎஸ்ஐக்கு மேல்கூடக் குறைத்துக் காட்டும். கழற்றும்போது வரும் புஸ் சத்தம் பெரும்பாலும் குழாயில் இருந்த காற்று. இதைக் கசிவு என்று எண்ணி வால்வு கோர் (வால்வின் உள் ஊசி) மாற்றியவர்கள் பலர்.

பெல்ட் சோதனை

சந்தேகம் பிஸ்டன் சீலில் நின்றது. உறுதிப்படுத்த, முதலில் அறைகளைச் சமன் செய்தோம். பாசிட்டிவ் பக்கம் 130 பிஎஸ்ஐ ஏற்றியதும் (காலில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டக்கூடாது) தெரியும் ஸ்டான்ஷன் 118 மிமீ ஆனது. வண்டியை ஸ்டாண்டில் மாட்டி, பம்ப்பைக் கழற்றாமல், சக்கரத்தைக் கீழே இழுத்தோம். கடைசி 6 மிமீக்கு உடம்பின் பாரம் தேவைப்பட்டது. சட்டென்று உள்ளே ஒரு சீறல், ஃபோர்க் இலகுவாக 127-க்கு நீண்டது. நீளும்போது இறங்கிக்கொண்டிருந்த ஊசி அந்தச் சீறலோடு 121-லிருந்து 126-க்கு ஏறியது. யாரும் பம்ப் அடிக்கவில்லை. நெகட்டிவ் அறையில் கூடுதலாக இருந்த காற்றுதான் குழி வழியாக மேலே திரும்பி வந்து ஊசியைத் தள்ளியது. இந்தப் பழுதில் இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

முழு நீளத்தில் பிடித்தபடியே 90-க்கு இறக்கி, ஓர் இரவு தொங்கவிட்டதில் 127 மிமீ மாறவில்லை, அழுத்தமும் மாறவில்லை. பிஸ்டன் குழியிலேயே நிற்பதால், தேய்ந்த சீலும் நல்ல சீலும் அங்கே ஒன்றுதான். கடையில் நிற்கும்போது நன்றாக இருக்கும் வண்டி காட்டுக்குள் போனதும் தாழ்வது இதனால்தான்.

பிறகு ஹேண்டில்பாரையும் முன்சக்கரத்தையும் சேர்த்து பெல்ட் போட்டு, ஃபோர்க்கை 60 மிமீ அமுக்கிக் கட்டி அரை மணி நேரம் விட்டோம். அவிழ்த்ததும் 113. இன்னோர் அரை மணி, 104. காற்று கீழே போகிறது என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. காரின் பின்புற ரேக்கில் முன்பக்கத்தை அமுக்கிக் கட்டி நெடுந்தூரம் கொண்டுபோகும் வண்டிகளில் இந்தப் பழுது ஊர் போய்ச் சேர்ந்ததும் தலைகாட்டுவதும் இதே வழியில்தான்.

காற்றை இறக்குவது: இங்கேதான் ஆபத்து

மேல் வால்வைத் திறந்து காற்று முழுவதையும் விட்டுவிட்டால் ஃபோர்க் காலியாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இந்தப் பழுதில் அப்படி இல்லை. பாசிட்டிவ் பக்கம் காலியானதும் நெகட்டிவ் அறையின் காற்று ஃபோர்க்கை அடிவரை இழுத்துக்கொள்ளும், உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும். அந்த நிலையில் லோயரைக் கழற்றி சர்க்ளிப்பை (பிடிப்பு வளையம்) எடுத்தால் சீல் ஹெட்டும் (ஸ்டான்ஷனின் அடிமூடி) ஷாஃப்ட்டும் துப்பாக்கிக் குண்டாகப் பாயும். கண்ணையும் விரலையும் இழக்க அது போதும்.

சரியான முறை, மேலே சொன்னபடி அழுத்தம் ஏற்றி முழு நீளத்துக்கு இழுத்துச் சமன் செய்வது. பிறகு ஒருவர் சக்கரத்தை இழுத்துப் பிடித்திருக்க, மற்றவர் சிறு ஆலன் கீயால் வால்வு கோரை விட்டு விட்டு அழுத்தி, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் காற்றை மெல்ல இறக்க வேண்டும். ஃபோர்க் முழு நீளத்தில் இருக்கும்வரை இரு அறையும் ஒன்றாகக் காலியாகும். முடிந்ததும் கையை விட்டுப் பாருங்கள். தானாகக் கீழே இழுத்தால் இன்னும் காற்று மிச்சம் இருக்கிறது, மீண்டும் செய்யுங்கள். நிறுத்திய இடத்தில் நின்றால் வால்வு கோரையும் கழற்றிவிடலாம். எவ்வளவு இழுத்தும் குழியை எட்டாத ஃபோர்க்கைத் திறக்காமல் சர்வீஸ் மையத்துக்கு அனுப்புவதே நல்லது.

கழற்றியதும் கண்டதும்

ரீபவுண்ட் குமிழை உருவி, இரு கால்களின் அடி போல்ட்டையும் 5 மிமீ ஆலன் கீயால் மூன்று நான்கு சுற்று தளர்த்தி, கீ மேல் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் ஷாஃப்ட்டுகள் லோயரிலிருந்து விடுபடும். கீழே தட்டு வைத்து, போல்ட்டை எடுத்து, லோயரை நேராக உருவ வேண்டும். வலது காலிலிருந்து ஓரளவு எண்ணெய் வந்தது. இடது காலில் வந்தது ஒரு தேக்கரண்டி அளவு பால்நிறக் கலங்கல், தண்ணீர் கலந்த எண்ணெய். ஃபோம் வளையங்கள் காய்ந்து மண் பிடித்திருந்தன.

சர்க்ளிப்பை எடுக்கும்போது பிளேயரின் முனை ஷாஃப்ட்டைத் தொடாதபடி, ஷாஃப்ட்டை உள்ளே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஷாஃப்ட்டில் விழும் ஒரு மயிரிழைக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. முகத்தை ஒதுக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியால் மூடி இழுத்தோம்.

பிஸ்டனின் ஓ-ரிங் பளபளப்பு போய், வெளிவிளிம்பு ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. புதியதோடு வைத்து வெர்னியரில் பார்த்தால் 0.2 மிமீ வித்தியாசம். பள்ளத்துக்குள் பழைய கிரீஸ் பழுப்பு மெழுகாக உறைந்து கிடந்தது, நடுவே ஒரு மணல் துகள். மழைத் தண்ணீர் வைப்பரைத் தாண்டி லோயரில் சேர்ந்திருக்கிறது. அந்தக் கலங்கல் ஷாஃப்ட்டில் ஒட்டி, ஒவ்வோர் அசைவிலும் சிறிது சிறிதாக சீல் ஹெட்டைக் கடந்து மேலேறிக் கிரீஸைக் கெடுத்திருக்கிறது. மசகு போனபின் ஓ-ரிங் உலர்ந்தபடியே தேய்ந்திருக்கிறது.

உட்சுவரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியை மரக்கம்பில் சுற்றித் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். நீளவாக்கில் கோடு தெரிந்தால், துடைக்கும் துணி அதில் இழுபடுகிறதா என்று கவனிக்க வேண்டும். இழுபடும் அளவுக்குக் கீறல் இருந்தால் புதிய சீல் எதையும் காப்பாற்றாது, ஸ்டான்ஷனும் கிரவுனும் சேர்ந்த பாகத்தையே மாற்ற வேண்டியிருக்கும். இங்கே சுவர் சுத்தமாக இருந்தது. பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டும் ரப்பரை உப்பவைக்கும், இந்த வேலைக்கு ஆகாது.

திரும்பப் பூட்டியது

மாடலுக்கு உரிய ஏர் ஸ்பிரிங் சீல் கிட், டஸ்ட் வைப்பர், ஃபோம் வளையம், அடி போல்ட்டுக்கான கிரஷ் வாஷர் (இறுக்கினால் நசுங்கி அடைக்கும் வளையம்) எல்லாமே புதிது. பழைய ஓ-ரிங்கைக் குத்தூசியால் நெம்பாமல், இரு விரலால் ஒரு பக்கம் ஒதுக்கித் தூக்கினால் பள்ளம் கீறாது. கடையில் கிடைக்கும் அதே அளவு ஓ-ரிங் போதுமா என்று கேட்பார்கள். போதாது: ரப்பரின் கடினம் மாறினால் ஒன்று கசியும், அல்லது இறுகும்.

சஸ்பென்ஷன் கிரீஸ் ஓ-ரிங் மேல் மெல்லிய படலமாக இருந்தால் போதும். நல்ல மனசோடு அள்ளி அப்புவதுதான் சர்வீஸ் முடிந்த ஃபோர்க் மறுபடி தாழ்வதற்கு முக்கியக் காரணம். பிஸ்டன் ஏறும்போது வழித்துத் தள்ளும் கிரீஸ் சமன் குழியில் போய் அடைந்துகொள்ளும். சீல் புதிதாக இருந்தும் அறைகள் சமனாகாது. பொதுவான பேரிங் கிரீஸ் கெட்டியாக இருப்பதால் இந்தக் கெடுதல் இன்னும் அதிகம்.

பிஸ்டனை உள்ளே விடும்போது ஸ்டான்ஷனின் அடிவிளிம்பிலும் சர்க்ளிப் பள்ளத்திலும் ஓ-ரிங் வெட்டுப்படாமல் லேசாக ஆட்டி நுழைக்க வேண்டும். சர்க்ளிப்பின் கூர்மையான விளிம்பு வெளிப்பக்கம் பார்க்கட்டும். உட்கார்ந்ததும் ஷாஃப்ட்டை ஒருமுறை இழுத்து உறுதி செய்யுங்கள். ஃபோம் வளையங்களைச் சர்வீஸ் புத்தகம் சொல்லும் எண்ணெயில் ஊறவைத்து வைப்பருக்குக் கீழே இட்டு, லோயரை ஸ்டான்ஷனில் பாதி ஏற்றி, அடித் துளை வழியே ஊசிக்குழாயால் எண்ணெய் விட்டோம். அளவு மாடலுக்கு மாடல் மாறும், காலுக்கு 5 மிலி முதல் 30 மிலி வரை. மிகுதியாக விட்டால் கடைசி டிராவல் வராது. அடி போல்ட்டுகளுக்கு டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கட்டாயம். நிறுவனத்தைப் பொறுத்து 5.5 முதல் 7.5 நியூட்டன் மீட்டர் வரைதான், மெக்னீசியம் லோயர் அதற்கு மேல் தாங்காது.

காற்று நிரப்புவதிலும் அவசரம் கூடாது. 50 பிஎஸ்ஐ ஏற்றி, ஃபோர்க்கைப் பாதிவரை அமுக்கி, முழு நீளம் வரும்வரை மெதுவாக விட வேண்டும். நெகட்டிவ் அறை நிரம்ப நிரம்ப ஊசி இறங்கும். ஊசி இறங்குவது நிற்கும்வரை இதையே செய்து, பிறகு 70, பிறகு 90 என்று ஏற்ற வேண்டும். ஒரே மூச்சில் 90 ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தால் நெகட்டிவ் அறை குறையாகவே இருக்கும். முதல் பள்ளத்தில் ஃபோர்க் மேலே டக் என்று இடிக்கும், பத்து நிமிடத்தில் அழுத்தமும் குறைந்துவிடும். அதையும் கசிவு என்று சொல்லித் திரும்பக் கொண்டுவருவார்கள்.

சோதனையில் 127 மிமீ நின்றது. அதே பெல்ட், அதே 60 மிமீ, அரை மணி நேரம் கழித்தும் 127. சாக் மறுபடி அளந்ததில் 90 பிஎஸ்ஐக்கு 21 மிமீ. அதை 24-க்கு, அதாவது 20 சதவீதத்துக்குக் கொண்டுவர 85-க்கு இறக்க வேண்டியிருந்தது. முன்பு 110 வரை ஏற்றியும் நிமிராத ஃபோர்க், இப்போது குறைந்த காற்றிலேயே உயரமாக நிற்கிறது.

சர்வீஸ் இடைவெளி: ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளுக்கு லோயர் சர்வீஸை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்கிறது, ஏர் ஸ்பிரிங்கும் டேம்பரும் (அசைவின் வேகத்தை அடக்கும் பாகம்) பல மாடல்களில் 200 மணி. ஃபாக்ஸ் நிறுவனம் சொல்வது 125 மணி அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. மழையிலும் செம்மண் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு லோயர் எண்ணெயை இதற்கும் முன்னதாகவே மாற்றலாம். இந்த வண்டியில் கெட்டது ஒரு சிறு ஓ-ரிங், அதைக் கெடுத்தது சில மில்லி லிட்டர் எண்ணெய் மாற்றாதது.